பங்கு வைத்தவர்

யார் வீட்டுக்குப் பாகம் பிரிக்கப் போனாலும் அண்ணாச்சி கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். வீட்டுக்காரர்கள் காப்பி கொண்டுவந்து வைப்பார்கள், மோர் வைப்பார்கள், வெயில் காலமென்றால் நுங்குகூட வெட்டிக்கொண்டு வருவார்கள். அவர் எதையும் தொடமாட்டார். "பங்கு வைக்கவன் வயித்துல அந்த வீட்டுச் சோறு இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடிப்பார். அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவள், காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்த தண்ணீர் அது.

பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவில் அவர் எங்களுக்கு எதிர்வீடு. முருகன்குறிச்சிப் பக்கம் பம்புசெட் சாமான் கடை வைத்திருந்தார். அது பிழைப்பு. ஊருக்குள் அவருக்கு இருந்த பேர் வேறு. சேரன்மகாதேவியிலிருந்து சீவலப்பேரி வரைக்கும் ஆற்றங்கரை ஊர்களில் அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு என்றால், வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் அண்ணாச்சியைப் பார்ப்பார்கள். அவர் முதல் நாளே போய் வயலையும் வீட்டையும் நடந்து பார்ப்பார். மறுநாள் தினசரிக் காலண்டர் தாளை ஒரே அளவாகக் கிழித்து, பங்குகளை எழுதி, மடித்து, தன் வீட்டிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் செம்பில் போட்டுக் குலுக்குவார். இந்து வீடென்றால் சாமி படத்துக்கு முன்னால். கிறிஸ்தவ வீடென்றால் ஒருவர் ஜெபம் பண்ணி முடித்த பிறகு. இரண்டுக்கும் செம்பு ஒன்றுதான்.

சீட்டு எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து "எது வந்தாலும் சம்மதம்" என்று சொல்ல வேண்டும். அதிகமாக முரண்டு பிடிக்கிறவர்தான் முதலில் எடுக்க வேண்டும். எடுத்துப் படித்தானதும் எல்லாச் சீட்டையும் திரும்பச் செம்பில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுவார். மை கரைந்து நீலமாகிவிடும். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. அழுதாலும் கிடையாது.

எனக்கு அவர் மேல் மரியாதை வந்ததற்குச் சொந்தக் காரணம் உண்டு. எங்கள் அப்பா காலமான பிறகு என் அண்ணன்மார் இரண்டு பேரும் சேர்ந்து அவரைத்தான் கூப்பிட்டார்கள். இரண்டு சீட்டு எழுதினால் போதும் என்றான் பெரியவன். "தங்கச்சிக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சுல்லா" என்றான் சின்னவன். நான் வாயே திறக்கவில்லை. நம் வீடுகளில் அந்த இடத்தில் பெண் வாயைத் திறந்தால் என்ன பேர் வரும் என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"மூணு சீட்டுன்னா எழுதுதேன். ரெண்டுன்னா வேற ஆளைப் பாருங்க. எனக்கு மத்தியானம் கடை திறக்கணும்" என்றார்.

மூன்று சீட்டு எழுதினார். அன்றைக்கு எனக்கு விழுந்த இடத்தை விற்றுத்தான் இன்றைக்கு நான் சொந்த வீட்டில் இருக்கிறேன். அதனால் அவரைக் குறை சொல்ல நேரும்போதெல்லாம் என் நாக்கு கொஞ்சம் கூசும். கூசினாலும் சொல்லத்தான் போகிறேன்.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவள். பழைய நாடகங்கள் என் பாடம். அவல நாயகன் என்றால் யார் என்று ஒரு கேள்வி அநேகமாக எல்லா வருஷமும் தேர்வில் வரும். அவன் உயர்ந்தவனாக இருக்க வேண்டும். முழு நல்லவனும் இல்லை, முழுக் கெட்டவனும் இல்லை. தெரியாமல் ஒரு பிழை செய்ய வேண்டும், அதனால் விழ வேண்டும், விழுந்த பிறகு அந்தப் பிழை அவனுக்கே தெரிய வேண்டும். பார்க்கிற நமக்கு இரக்கமும் வரவேண்டும், பயமும் வரவேண்டும். பிள்ளைகள் இதை மனப்பாடம் பண்ணி, பிழை என்ன என்ற இடத்தில் 'கர்வம்' என்று எழுதி மார்க் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கைடில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

எனக்கு அந்த வரிகளைப் போர்டில் எழுதும்போது ராஜா யாரும் நினைவுக்கு வருவதில்லை. மடித்துக் கட்டின வேட்டியோடு அண்ணாச்சிதான் வருவார். பிழை என்றதும் நல்ல வேட்டியில் பட்ட கறை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். துவைத்தால் போய்விடும் என்ற நினைப்பு. அது கறை இல்லை. வேட்டியே அதுதான். ஒருவனை எதற்காக ஊர் கையெடுத்துக் கும்பிடுகிறதோ, அதுவே போகக்கூடாத ஓர் இடத்துக்குள் போய்விடும். அவ்வளவுதான்.

வீட்டிலும் அவர் அப்படியே இருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். மாம்பழம் வாங்கி வந்தால் ஒருத்தி வெட்ட வேண்டும், மற்றவள் முதலில் எடுக்க வேண்டும். வெட்டுகிறவள் கண்ணை இடுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவாள். கொஞ்சம் கூடக்குறைய விழுந்தால் தங்கச்சிக்காரி பெரிய துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாள் என்ற பயம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். மதினி மட்டும் சிரிக்கமாட்டாள்.

"ஒங்களுக்கு எங்க?" என்பாள்.

"பங்கு வைக்கவனுக்குப் பங்கு கிடையாது" என்பார் அவர்.

"இது என்ன முன்னீர்பள்ளத்து வயலா? வீடு. ஒரு துண்டு எடுத்து வாயில போடுங்க."

போடமாட்டார். மதினி தன் பங்கில் பாதியை அடுப்படியில் மூடி வைத்திருந்து பிறகு கொடுப்பாள். அப்போது சாப்பிடுவார். இந்தக் கதையை அவரே பெருமையாகச் சொல்லுவார். மதினி என்னிடம் ஒரு தடவை, "இந்த மனுசன் இந்த வீட்டுல குடியிருக்காரா, இல்ல தீர்ப்புச் சொல்ல வந்துட்டுப் போறாரான்னு எனக்குப் பல நேரம் சந்தேகமா இருக்கும்" என்றாள். நான் சிரித்தேன். அவளும் அன்றைக்குச் சிரித்தாள்.

முன்னீர்பள்ளம் என்றதும் ஒரு பெரியவர் ஞாபகத்துக்கு வருகிறார். அண்ணாச்சி நடத்தின பாகத்தில் அவருக்குப் பூர்வீக வீட்டின் பின்கட்டு விழுந்தது. தெருவுக்கு வர வேண்டுமென்றால் தம்பியின் மாட்டுத்தொழுவம் வழியாகத்தான் வரவேண்டும். தம்பி சும்மா இருப்பான், தம்பி பெண்டாட்டி இருக்கமாட்டாள். தொழுவத்தில் மாட்டை வழியை மறித்துக் கட்டிவைப்பாளாம். பெரியவர் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து வாசலில் நின்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுததை நான் என் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தேன்.

"இன்னொரு மட்டம் மட்டும் சீட்டுப் போடுங்க அண்ணாச்சி. அதுவும் எனக்கு இதே விழுந்தா ஆயுசுக்கும் பேசமாட்டேன்."

"ஒங்களுக்கு மாத்தினா ஊருக்கே மாத்தணும் பெரியவரே. என்னைய நம்பிக் கெட்ட பங்கை வாங்கிட்டு வாயை மூடிட்டு இருக்கவன் எத்தனை பேரு. அவன் மொகத்துல நான் எப்பிடி முழிக்க?"

பெரியவர் போய்விட்டார். அண்ணாச்சி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை என்று மதினி சொன்னாள். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிறருக்கு வலித்தால் அவருக்கும் வலிக்கும். வலித்தாலும் விழுந்த சீட்டை மாற்றமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கு அடுத்த மாசமோ என்னவோ, மதினி அடுப்படியில் விழுந்தாள். தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டுத் திரும்பினவள் அப்படியே சரிந்துவிட்டாள். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. எல்லாம் காதில் விழும், எல்லாம் புரியும், வாயில் இருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். கண் மட்டும் பழைய மதினி.

ஆள் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பெண் வந்தாள், ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அடுத்தவள் வந்தாள், மதினிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேற்றாள் கை பட்டால் இருக்கிற பாதி உடம்பையும் இறுக்கிக்கொள்வாள். அப்போதுதான் பேச்சு எழுந்தது. பிள்ளைகளில் ஒருத்தி வீட்டோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது.

மூத்தவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்த்தாள். அமைதியானவள். தூத்துக்குடியில் ஒரு மாப்பிள்ளை பேச்சு நடந்துகொண்டிருந்தது. இளையவள் நேர் எதிர். சின்ன வயசிலேயே அப்பா கடையில் மோட்டாரைக் கழற்றி மறுபடி மாட்டுகிறவள். விமான எஞ்சின் பழுது பார்க்கிற படிப்பைப் படித்து முடித்திருந்தாள். பெங்களூரில் பயிற்சிக்குச் சேரச் சொல்லி அழைப்பு வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு மேலே எப்போதாவது விமானம் போனால், அது என்ன எஞ்சின் என்று சத்தத்தை வைத்தே சொல்லுவாள். சரியா தப்பா என்று எங்களுக்கு என்ன தெரியும், ஆனால் அவள் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கும்.

மூத்தவள் உடனே சொல்லிவிட்டாள். "நான் இருக்கேன்ப்பா. அவ போட்டும். எனக்கு அம்மாவ விட்டுட்டுப் போக மனசே இல்ல."

இந்த இடத்தில் வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் பெருமூச்சு விட்டு, சரிம்மா என்று தலையில் கைவைத்து முடித்திருப்பார். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"மூத்தவன்னா விட்டுக் குடுக்கணும்னு ஊரு பழக்கி வச்சிருக்கு. நீ மனசார சொல்லுதியா, பழக்கத்துல சொல்லுதியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நாளைக்குத் தங்கச்சி நல்லா இருக்கதப் பாத்து ஒனக்கு வயிறு எரிஞ்சா? அப்போ எவன் பதில் சொல்ல? சீட்டுப் போடுவோம்."

அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அப்போது என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வீடு மூத்த பெண்ணின் தலையில்தான் எல்லாவற்றையும் கட்டுகிறோம். அதை எதிர்த்து நிற்கிற ஓர் ஆண்பிள்ளையை நான் அவரைத் தவிரப் பார்த்ததில்லை. என் பங்குக்காகப் பேனாவை மூடின அதே கைதான் அது.

இளையவளும் சரி என்றாள். "அக்கா மட்டும் ஏன் மாட்டிக்கிடணும்? போடுங்கப்பா" என்றாள். மாம்பழத்தில் இருந்து அப்படி வளர்ந்த பிள்ளை.

சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். காலை நேரம். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பக்கத்து அறையில்தான் மதினி படுத்திருந்தாள். கதவு திறந்திருந்தது. அதைச் சாத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணாச்சி குளித்துத் திருநீறு பூசி, காலண்டர் தாளைக் கிழித்தார். ஒன்றில் எழுதினார், ஒன்றை வெறுமனே மடித்தார். சத்தமாக, வழக்கம்போல, பங்கைச் சொன்னார்.

"ஒரு சீட்டுல அம்மா. ஒரு சீட்டுல ஒண்ணும் கிடையாது. ஒண்ணும் இல்லாத சீட்டு வாரவ அவ அவ சோலியப் பாத்துட்டுப் போலாம். எது வந்தாலும் சம்மதமா?"

இரண்டு பேரும் சம்மதம் என்றார்கள். மூத்தவள் சொல்லும்போதே அழுதாள். பெங்களூருக்குப் போக வேண்டியவள் என்பதால் இளையவளை முதலில் எடுக்கச் சொன்னார். அவள் கையை விட்டாள், எடுத்தாள், பிரித்தாள். அதில் அவர் கையெழுத்தில் 'அம்மா' என்று இருந்தது.

அண்ணாச்சி இரண்டு சீட்டையும் வாங்கிச் செம்பில் போட்டுத் தண்ணீரை ஊற்றினார். உள்ளே இருந்து மதினி ஒரு சத்தம் எழுப்பினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து மூத்தவள் எழுந்து ஓடினாள்.

மூத்தவள் அன்றைக்கு அப்பா காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். "நாங்க ரெண்டு பேரும் சம்மதிச்சு மாத்திக்கிடுதோம். அதுல ஒங்களுக்கு என்னப்பா?"

"மாத்திக்கிடுதோம்னு சொல்லி ஏமாந்தவங்கள நான் பாத்திருக்கேன். எல்லாரும் சம்மதம்னுதான் சொன்னாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது காணி இல்ல அண்ணாச்சி. மதினி" என்றேன்.

"அதனாலதான் கூடக் கொஞ்சம் நேர்மையா இருக்கணும்" என்றார்.

நான் என் வீட்டுக்கு வந்து கதவைப் படார் என்று சாத்தினேன். அதுதான் என்னால் முடிந்தது.

விழுந்த சீட்டை மாற்றவும் ஒரு வாசல் திறந்ததுபோல் இருந்தது, இரண்டு நாள் கழித்து. இளையவள் பெங்களூருக்கு வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டியைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அங்கே இருந்தேன். அவர் தொண்டையைச் செருமி, "ஏளா, அத எறக்கு. கொஞ்சம் யோசிப்போம்" என்று சொன்னார். சத்தியமாகச் சொன்னார். அவள் பெட்டியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல். முன்னீர்பள்ளத்துப் பெரியவர்.

"மதினிக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன் அண்ணாச்சி. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு பைய கேட்டார். "ஒங்க வீட்டுலயும் சீட்டுப் போட்டியளாமே. நெசமா?"

"ஆமா."

"யாருக்கு விழுந்துது?"

அண்ணாச்சி பரணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சின்னவளுக்கு" என்றார்.

"வேலைக்குப் போக இருந்த பிள்ளைக்கா?"

"ஆமா."

"மாத்தலையே?"

எனக்கு அந்தப் பெரியவர் மேல் எந்த வருத்தமும் இல்லை. அவர் குத்திக் காட்ட வரவில்லை. தன் பின்கட்டுக்கு ஒரு நியாயம் தேடி வந்திருந்தார். அண்ணாச்சி வீட்டிலும் அதே சட்டம்தான் என்று தெரிந்தால் தம்பி பெண்டாட்டி கட்டின மாட்டைச் சுற்றிக்கொண்டு போக அவருக்குக் கொஞ்சம் தெம்பு கிடைக்கும்.

"மாத்தல" என்றார் அண்ணாச்சி.

பெரியவர் எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. "அதான் நம்ம அண்ணாச்சி" என்றார். "எனக்கு மனசுல ஒரு முள்ளு இருந்துது. இன்னைக்குப் போயிட்டு."

அவர் போன பிறகு இளையவள் பெட்டியை உள்ளே தள்ளிப் பரண் திரையை இழுத்து மூடினாள். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. மேடையில் இதைப் போட்டால் பார்க்கிறவர்கள், அட சொல்லித் தொலையேன் மனுஷா, என்று உள்ளுக்குள் கத்துவார்கள். நானும் கத்தினேன், உள்ளுக்குள். ஆனால் என்னதான் சொல்லுவார். அந்தக் கும்பிட்ட கைக்கு முன்னால் சொன்னதைத் திரும்ப எடுத்தால், முப்பது நாற்பது வீடுகளில் மூடிக் கிடக்கிற கதவெல்லாம் ஒரே நாளில் திறந்துகொண்டு அவர் வாசலுக்கு வரும்.

மூத்தவளுக்குத் தூத்துக்குடியில் கல்யாணம் ஆயிற்று. மணவறையிலேயே அழுதுகொண்டிருந்தாள், எல்லோரும் பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று நினைத்தார்கள். பெங்களூரில் சேர வேண்டிய நாள் வந்தது, போனது. இளையவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சி கொடுத்து, நாக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். 'அம்மா' சொல்லு, 'தண்ணி' சொல்லு, என்று பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்வாள். ஏதாவது விமானம் போனால் தலையைத் தூக்கமாட்டாள். நாங்களும் தூக்குவதை விட்டுவிட்டோம்.

அண்ணாச்சி கடைக்குப் போவார், வருவார். வந்ததும் அறை வாசலில் நின்று, "சாப்பிட்டாளா?" என்று கேட்பார். உள்ளே போகமாட்டார். ஒரு நாள் இளையவளுக்கு நல்ல காய்ச்சல். நான் போய் மதினிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம், நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

"அது அவ பங்கு. நான் தலையிட்டா அவ சரியா செய்யலன்னு சொன்ன மாதிரி ஆயிரும்லா" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. அப்படியே நம்பிச் சொன்னார். எனக்கு அன்று முதல் தடவையாக அவரைப் பார்த்துப் பயமாக இருந்தது.

மதினிக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 'ம்மா', 'தண்ணி', 'வலி', 'போதும்'. இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கொஞ்சம் சொதிக்குழம்பு கொண்டு போயிருந்தேன். இளையவள் ஊட்டிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி வழக்கம்போல் வாசல்படிக்கு வெளியே வந்து நின்றார்.

"சாப்பிட்டாளா?"

மதினி வாயில் இருந்ததை விழுங்கினாள். அவரைப் பார்த்தாள். உதடு ஒரு பக்கமாகக் கோணி, இழுத்து இழுத்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். விழுந்த நாளுக்குப் பிறகு அவள் பேசின முதல் முழுப் பேச்சு அது.

"நீங்க... ஏன்... எடுக்கல?"

இளையவளுக்குப் புரியவில்லை. "என்னத்தம்மா எடுக்கணும்? என்ன வேணும்?" என்று சந்தோஷத்தில் கேட்டாள். அம்மா வரிசையாக மூன்று சொல் பேசிவிட்டாள் என்ற சந்தோஷம். எனக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. அண்ணாச்சிக்கு அந்த ஒரு நொடியும் வேண்டியிருக்கவில்லை.

மதினி இடது கையைத் தூக்கி, மூன்று விரலை மடக்கி, காற்றில் சீட்டு எடுப்பதுபோல் காட்டினாள். பிறகு கை விழுந்துவிட்டது.

எத்தனை மாசமாக அதை உள்ளே வைத்திருந்தாளோ. திறந்த கதவுக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, தன் பேர் எழுதின சீட்டைப் பெற்ற பிள்ளைகள் பயந்து பயந்து எடுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். கெட்ட பங்கு என்று ஒன்று இருந்தது, அது தான்தான் என்று கேட்டுக்கொண்டிருந்தவள். பிள்ளைகள் இரண்டு பேர் கையை விட்டார்கள். தாலி கட்டினவர் செம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் மூன்று சீட்டு எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, பிள்ளைகளுக்கும் தோன்றவில்லை. என் அண்ணன்மாரிடம் மூன்று என்று அடம் பிடித்த மனுஷனுக்கே தோன்றவில்லை. அது ஆண்பிள்ளை செய்கிற வேலையா என்று நினைக்கக்கூட யாரும் அவ்வளவு தூரம் போகவில்லை.

அண்ணாச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரில் எவ்வளவு பேருக்குப் பதில் சொன்ன வாய். "தோணல" என்றார் கடைசியில்.

மதினி கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. இளையவளிடம், "நீ பெங்களூருக்குக் கெளம்பு. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவள் போன் பண்ணிப் பார்த்தாள். அவளுடைய இடத்தில் ஆள் சேர்ந்து, அந்த வருஷத்துப் பயிற்சியே முடியப்போகிறது என்றார்கள். மறுபடி விண்ணப்பம் போடலாம், இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள் என்றார்கள். போன் பேசிவிட்டு வந்து, "பரவாயில்லப்பா" என்றாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இருந்தாலும் கற்றுக்கொள்ளப் பார்த்தார். கஞ்சி கரைக்கப் படித்தார், துணி அலசப் படித்தார். அவர் கரண்டியை நீட்டினால் மதினி வாயைத் திறக்கமாட்டாள். பட்டினி கிடந்தாலும் திறக்கமாட்டாள். அவர் எழுந்து போனதும் இளையவள் அதே கஞ்சியைக் கொடுத்தால் சாப்பிடுவாள். இளையவளுக்கு வெளியே போக ஒரு வழி இருந்திருந்தால்கூட, இப்படி ஒரு அம்மாவை விட்டு எப்படிப் போவாள். மூன்று பேரும் ஒரு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள், சாவி யார் கையிலும் இல்லை.

பாகம் பிரிக்கக் கூப்பிட வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். அவர்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் கூட மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நாங்கள் அந்தத் தெருவைக் காலி செய்துகொண்டு கிளம்புகிற நாளில் சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். அண்ணாச்சி கூடத்தில் உட்கார்ந்து, துவைத்த படுக்கைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் தீரவில்லை, இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் அந்தக் கைகள் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிப்பதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"நீங்க காலேஜுல நாடகந்தான நடத்துதிய?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி."

"அதுல பெரிய ஆளுங்க தப்புப் பண்ணுவாகள்லா. தப்புன்னு தெரிஞ்ச பொறவு என்ன செய்வாக?"

எனக்கு மழுப்பத் தெரியவில்லை. "செத்துப் போவாங்க. இல்லன்னா ஊரை விட்டுப் போயிருவாங்க" என்றேன்.

அவர் அடுத்த துணியை எடுத்து உதறினார்.

"ரெண்டும் சுலபம்லா" என்றார்.

உள்ளே இருந்து இளையவள் கூப்பிட்டாள். "அப்பா, அம்மாவத் திருப்பிப் படுக்க வைக்கணும். காலைப் பிடிங்க."

ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் மதினி அவரை விட்டாள். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். வாசல்படியைத் தாண்டி உள்ளே போய், கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, மதினியின் இரண்டு பாதத்தையும் கையில் ஏந்தினார். மதினி அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். இளையவள் தோளைப் பிடித்துப் பைய புரட்டி, தலையணையைச் சரிசெய்து, போர்வையை இழுத்துவிட்டாள். வேலை முடிந்துவிட்டது. அவர் கையை எடுக்கவில்லை. போதும் என்று யாராவது சொல்லட்டும் என்று குனிந்தபடியே நின்றார். மதினிக்கு அந்தச் சொல் நன்றாகவே வரும். அவள் சொல்லவில்லை.